அப்பன் குடித்தால் பிள்ளை எப்படி ஆவான்?
திண்டிவனம், விழுப்புரம் வட்டார வாலிபர்களுக்கு ஒரு எச்சரிக்கை

2023-ம் ஆண்டு மே மாதம். மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷ சாராயம் குடித்து 14 பேர் பிணமானார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் பலி. கள்ளக்குறிச்சியும் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர்தான்.

கள்ளக்குறிச்சியில் தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளைகள் பெயரில் 3 லட்சம் ரூபாயும், இருவரையும் இழந்தவர்கள் பெயரில் 5 லட்சமும் டெபாசிட் செய்யப்படும் என்று அரசு அறிவித்தது. 18 வயது முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும். நல்ல காரியம். ஆனால் அப்பன் சாகாமல் தினமும் தள்ளாடிக்கொண்டு வரும் வீட்டுப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லையே!

டாஸ்மாக் நேரடியாகச் சில்லறை விற்பனையில் இறங்கியது 2003 நவம்பரில். அந்த வருஷம் பிறந்த குழந்தை இன்று இருபதைத் தாண்டிய வாலிபன்.

ரத்தத்திலேயே வருமா?

ஓரளவு வரும். டென்மார்க் நாட்டில் சிசுவிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண் பிள்ளைகளை ஆராய்ந்து 1973-ல் முடிவு வெளியிட்டார்கள். குடிகாரத் தகப்பனின் முகமே அறியாமல் வளர்ந்தும், அவர்கள் குடிக்கு அடிமையாவது மற்றவர்களைவிடச் சுமார் 4 மடங்கு அதிகமாக இருந்தது.

"எங்கப்பா எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நடப்பாரு. எனக்கும் ஏறவே ஏறாது" என்று மார்தட்டுகிற வாலிபர்கள் உண்டு. அவன்தான் ஆபத்தில் இருக்கிறான்! அமெரிக்க டாக்டர் மார்க் ஷுக்கிட் இப்படிப்பட்ட வாலிபர்களைச் சுமார் 10 ஆண்டுகள் கவனித்து 1994-ல் சொன்ன கணக்கு இது: குடிகாரர் மகன்களில் போதை எளிதில் ஏறாதவர்களில் 100-க்கு 56 பேர் குடி நோயாளி ஆனார்கள். சீக்கிரம் ஏறுகிறவர்களில் 14 பேர்தான். 'ஏறவில்லை' என்பதால்தான் இன்னொரு கிளாஸ், இன்னொரு கிளாஸ் என்று போகிறது.

மனசு என்ன ஆகும்?

குடிக்காத பிள்ளைக்கும் தழும்பு உண்டு. ராத்திரி அப்பன் வண்டிச் சத்தம் கேட்டதும், இன்றைக்கு எந்த முகத்தோடு வருகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்த பையன், வேலைக்குப் போன பிறகும் முதலாளி குரல் உசந்தால் வெலவெலத்துப் போகிறான். இன்னொருவன் எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறான். பத்து வயசிலேயே தம்பி தங்கைக்குச் சோறு போட்ட பெண் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் வளர்கிறாள். "நான் திருத்திடுவேன்" என்று ஒரு குடிகாரனுக்கே கழுத்தை நீட்டுகிறவளும் உண்டு.

அதற்காக, 'குடிகாரன் மகன்' என்று முத்திரை குத்தி பெண் தர மறுப்பது அநியாயம். குடிகாரர் பிள்ளை எல்லாருக்கும் ஒரே குணம் என்று எந்த ஆராய்ச்சியும் நிரூபிக்கவில்லை. பலர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

அமெரிக்காவில் 1980-ல் வெளியான ஓர் ஆய்வு கவனிக்க வேண்டியது. அப்பன் குடித்தாலும் ராத்திரிச் சாப்பாடு, பண்டிகை, விசேஷம் கலையாமல் நடந்த வீடுகளில், பிள்ளைகளுக்குக் குடி தொற்றுவது குறைவாக இருந்ததாம். நம்மூர் கணக்கில் சொன்னால், அவர் எங்கே விழுந்து கிடந்தாலும் பொங்கலன்று வீட்டில் பானை பொங்க வேண்டும். தாயோ, பாட்டியோ, தாய்மாமனோ, யாராவது ஒருத்தர் அதைப் பிடித்து நிறுத்தினால் போதும்.

குடியை விடவும், குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் மனம் விட்டுப் பேசவும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்யலாம். காசு கிடையாது.