கூரையில்லாத கிரெம்ளினுக்கு வந்த மன்னர்

1613 வசந்த காலம். ஜார் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாஸ்கோவுக்கு வந்துகொண்டிருந்த பதினாறு வயது மிகயீல் ரோமனோவ், தானும் தாயும் தங்க கிரெம்ளினில் இன்னின்ன அறைகளைத் தயார் செய்யுங்கள் என்று வழியிலிருந்தே எழுதி அனுப்பினார். தலைநகரில் இருந்த பிரபுக்கள் கையை விரித்தார்கள். கேட்ட மாளிகைகளுக்குக் கூரை இல்லை, கதவு சன்னல் இல்லை. செப்பனிடக் கருவூலத்தில் பணமில்லை, தச்சர்களும் போதவில்லை என்று பதில் வந்தது. 304 ஆண்டுகள் ரஷ்யாவை ஆண்ட வம்சம் குடிபுகுந்த வீட்டின் நிலை அது.

நாடும் அப்படித்தான் கிடந்தது. 1598இல் ஜார் ஃபியோதர் வாரிசின்றி இறந்ததும் பழைய ரூரிக் வம்சம் அற்றுப்போனது. அடுத்து வந்த போரிஸ் கோதுனோவின் ஆட்சியில் 1601 முதல் மூன்றாண்டுப் பஞ்சம். பிறகு, சிறுவயதிலேயே இறந்துபோன இளவரசர் திமித்ரி நான்தான் என்று ஒருவர் கிளம்பிவந்து அரியணையிலேயே ஏறிவிட்டார். அவர் கொல்லப்பட்டதும் இன்னொரு திமித்ரி முளைத்தார். 1610இல் போலந்துப் படை கிரெம்ளினுக்குள் புகுந்தது. மறு ஆண்டில் ஸ்மோலென்ஸ்க் போலந்திடமும் நோவ்கரோத் ஸ்வீடனிடமும் போயின.

இந்த அழிவிலிருந்து ரஷ்யாவை மீட்டது ரோமனோவ் வம்சம் என்பது அரசவை வளர்த்த கதை. நடந்த வரிசையைப் பார்த்தாலே அது நிற்காது. 1611 இறுதியில் நீஷ்னி நோவ்கரோத் நகரத்து இறைச்சி வியாபாரி குஸ்மா மீனின் ஊராரிடம் பணம் திரட்டினார். இளவரசர் திமித்ரி பொஜார்ஸ்கி படையை நடத்தினார். 1612இல் கிரெம்ளினில் இருந்த போலந்துப் படை பசி தாங்காமல் சரணடைந்தது. அப்போது மிகயீல் எங்கே இருந்தார்? மீட்புப் படையில் அல்ல. தாயுடன் அதே கிரெம்ளினுக்குள், முற்றுகையில் சிக்கியவர்களில் ஒருவராக.

ஆக, தலைநகரை மீட்ட பிறகே மன்னரைத் தேடினார்கள். பிரபுக்கள், மதகுருக்கள், நகரத்தார், கோசாக்குகள் என எல்லாத் தரப்பும் கூடிய ‘செம்ஸ்கி சோபோர்’ என்ற நாட்டுப் பேரவை, அந்நிய இளவரசர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மிகயீலைத் தேர்ந்தெடுத்தது. ஜார் ஃபியோதரின் தந்தையான இவான் மன்னரின் முதல் மனைவி அனஸ்தாசியா, மிகயீலின் தாத்தாவுக்கு உடன்பிறந்தவர். பழைய வம்சத்தோடு உறவு இருந்தது. கோசாக்குகளின் ஆதரவும் இருந்தது. பையன் சிறியவன், நம் சொல்லைக் கேட்பான் என்ற கணக்கும் பிரபுக்களுக்கு இருந்திருக்கும்.

மிகயீலும் தாயும் அப்போது தங்கியிருந்த கோஸ்த்ரோமாவின் இபாத்தியெவ் மடத்துக்குச் செய்தி கொண்டுபோனவர்களிடம் தாய் மார்ஃபா முதலில் மறுத்துவிட்டார். சத்தியம் செய்துகொடுத்த மன்னர்களையே அடுத்தடுத்துக் கைவிட்டவர்களை நம்பி மகனை எப்படி அனுப்புவது? கணவர் ஃபிலரேத்தோ போலந்தில் சிறையில் இருந்தார். அந்தப் பதினைந்து ஆண்டு வரலாற்றை அறிந்த எந்தத் தாயும் இதையேதான் கேட்டிருப்பார்.

புதிய ஆட்சியின் முதல் பத்தாண்டில் பேரவை கிட்டத்தட்ட இடைவிடாமல் கூடியது. ஐந்தில் ஒரு பங்கு என்ற அவசர வரிக்கு அதன் ஒப்புதல்தான் பலம். சைபீரிய வாசலில் உப்பு, விலங்குத்தோல் வணிகத்தில் கொழித்த ஸ்த்ரோகனோவ் குடும்பத்திடம் அரசு கடனுக்குக் கையேந்தியது. ஊர் கூடி இழுத்த தேர் அது. மேலே அமர்ந்திருந்தவருக்குப் பெயர் கிடைத்தது.

வம்சத்துக்கு உரிய பெருமை ஒன்று உண்டு: எதை விட்டுக்கொடுப்பது என்று அதற்குத் தெரிந்திருந்தது. 1617இல் ஸ்டோல்போவோ உடன்படிக்கையில் பால்டிக் கரையையும் 20,000 ரூபிளையும் கொடுத்து நோவ்கரோத்தைத் திரும்பப் பெற்றது. 1618இல் ஸ்மோலென்ஸ்கைப் போலந்திடமே விட்டுவிட்டுச் சண்டையை நிறுத்தியது. மானம் போனாலும் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. மறு ஆண்டில் விடுதலையாகி வந்த ஃபிலரேத், திருச்சபைத் தலைவராகவும் மகனோடு சேர்ந்து ஆள்பவராகவும் 1633இல் சாகும்வரை கடிவாளத்தைப் பிடித்திருந்தார். ஆனால் இந்த ஆட்சியைச் சாந்த சொரூபியாகக் காட்டவும் முடியாது. போலி திமித்ரியின் வாரிசு என்று யாரும் கொடி பிடித்துவிடக் கூடாதென்று, அவர் மனைவி மரீனா மினிஷெக்கின் மூன்று வயது மகனை 1614இல் மாஸ்கோவில் தூக்கிலிட்டார்கள்.

சரி, மறுகட்டுமானத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள்? படைவீரர்களுக்குக் கொடுக்க அரசிடம் காசில்லை, நிலம் இருந்தது. உழ ஆளில்லாத நிலத்தால் யாருக்கு லாபம்? வரிக்கும் வதைக்கும் அஞ்சி விவசாயிகள் தெற்கு எல்லைக்கும் பெரிய பண்ணைகளுக்கும் ஓடினார்கள். ஓடியவரைத் தேடிப் பிடிக்க முன்பு ஐந்தாண்டு வரம்பு இருந்தது. சிறு நிலவுடைமையாளர்கள் மனு மேல் மனு போட்டு அதை நீட்டிக்கச் செய்தார்கள். மிகயீலின் மகன் அலெக்சி காலத்தில், 1648 மாஸ்கோ கலவரம் அரசை உலுக்கியது. 1649இல் பேரவையின் ஒப்புதலோடு வந்த சட்டத் தொகுப்பு அந்த வரம்பையே ஒழித்தது. எத்தனை ஆண்டு கழித்துப் பிடித்தாலும் ஓடிப்போனவரைக் குடும்பத்தோடு பழைய எஜமானரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ரோமனோவ்கள் நாட்டை நிலைநிறுத்தினார்கள் என்பதை மறுக்க முடியாது. அவர்களை உருவாக்கிய பேரவையோ, உக்ரைனை ஏற்பது பற்றி 1653இல் முடிவெடுத்தபின் முழு அளவில் கூட்டப்படவே இல்லை. பண்ணையோடு பிணைக்கப்பட்ட விவசாயிகளுக்கு விடுதலை 1861இல்தான் வந்தது. அதிலும், கிடைத்த நிலத்துக்கு அவர்களே தவணை கட்ட வேண்டியிருந்தது.