தட்டில் செத்த கிருமி வாயில் சாகுமா?

"வைத்தியரய்யா, இலைச் சாத்துல துத்தநாகத்தைச் சேத்து ஒரு பொடி செய்திருக்காங்களாம். பல்லுக் கிருமியெல்லாம் சாகுதாம்லா! உங்ககிட்டதான் நாக பற்பம் இருக்கே... கொஞ்சம் தாங்க, பல்லுல தேச்சுக்கிடுதேன்."

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் இப்படிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான்.

அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி உள்படப் பல இடங்களில் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரில் துத்தநாக உப்பைக் கலக்குகிறார்கள். அடியில் தங்குவதைக் கழுவி, உலர்த்தி, உலையில் சுட்டால் வெள்ளைப் பொடி! அதுதான் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். இந்தத் துகளோ 100 நானோமீட்டருக்கும் குறைவு.

துத்தநாகம், மூலிகைச் சாறு, நெருப்பு... பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் புடம் போடப் படித்த எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக, 'சித்தர்கள் அன்றே நானோ கண்டார்கள்' என்று மேடையில் முழங்க நான் தயாரில்லை. நாக பற்பம், மூலம் போன்ற நோய்களுக்கு அளவோடு, அனுபானத்தோடு உள்ளுக்குத் தருவது. பல்லில் தேய்க்கச் செய்ததல்ல.

இன்னொன்று. ஆராய்ச்சியில் கிருமி செத்தது பெரும்பாலும் கண்ணாடித் தட்டில். அங்கே மருந்தோடு ஒரு நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கும். நாமோ இரண்டு நிமிடம் தேய்த்துக் கொப்பளித்துவிடுகிறோம். மிச்சத்தை எச்சில் கழுவிவிடும். போதாததற்கு, பல்லில் கிருமிகள் பாசி போலப் படலம் கட்டி அதற்குள் பதுங்கியிருக்கும். தினம் கொஞ்சம் விழுங்கினால் என்ன ஆகும், நல்ல கிருமிகளும் சாகுமா என்பதையெல்லாம் மனிதர்களிடம் நீண்ட நாள் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

"இலையில செஞ்சதுதானே, என்ன கெடுதல்?" என்பீர்கள். எட்டிக்காயும் மரத்தில்தானே காய்க்கிறது! அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எனாமல் தேய்ந்திருந்தது. பல் வெளுக்கும் என்று தினமும் எலுமிச்சைத் தோலால் தேய்த்து வந்தாராம்! நம்ம ஊர்ப் பழம்தான், இயற்கைதான். ஆனால் அதன் புளிப்பு பல்லை அரித்துவிடும்.

துத்தநாகம் பல்லுக்கு அந்நியமில்லை. துத்தநாக ஆக்ஸைடோடு கிராம்புத் தைலத்தைக் குழைத்துத்தான் பல் டாக்டர்கள் வெகுகாலமாகத் தற்காலிகமாகக் குழி அடைக்கிறார்கள். அதுபோல இதற்கும் ஒரு நாள் வரலாம். சித்த வைத்தியரும் பல் டாக்டரும் சேர்ந்தே சோதிக்கட்டும்.

அதுவரை, ஃப்ளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் தேயுங்கள். அடிக்கடி இனிப்பு கொறிக்காதீர்கள். கிருமி அந்தச் சர்க்கரையைத்தான் அமிலமாக்கிப் பல்லைத் துளைக்கிறது. சொத்தை விழுந்தால் எந்தப் பொடியும் அடைக்காது. பல் டாக்டரிடம் போங்கள். அவரையும் அங்கேதான் அனுப்பினேன்.

அந்தப் பொடி சோதனையெல்லாம் தாண்டி வரட்டும். நானே எழுதித் தருகிறேன்!