காது வாங்கிக்கிச்சு, சேதி போய்ச் சேரலை

தோழர்களே,

இந்த இதழுக்கு வேறொரு தலையங்கம் எழுதி அச்சுக்கும் கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் குரல் எவன் காதிலும் விழவில்லை என்று பதினைந்து வருஷமாக மேடை மேடையாகப் பேசித் திரிந்தவன் நான். என் தங்கச்சி மகளுக்குப் பேச்சு விளங்கவில்லை என்பது என் வீட்டுக்குள்ளேயே மூன்று வருஷம் எனக்குத் தெரியாமல் கிடந்தது. தெரியாமல் என்பதுகூடப் பொய்தான். தங்கச்சி சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை.

பிள்ளை எட்டாம் மாசத்தில் பிறந்தவள். மூணாம் நாளே மஞ்சள் காமாலை ஏறிப்போனது. கண்ணைக் கட்டி நீல விளக்குக்கடியில் 12 நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சின்னதாக ஒரு கருவியைக் காதில் செருகிப் பார்த்து 'பாஸ்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைத் தங்கச்சி ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஒன்றரை வயசாகியும் பேச்சு வரவில்லை. 'அவ அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்' என்றார்கள் பெரியவர்கள். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பார்த்தோம். திரும்பினாள். 'பாத்தியா, கேக்குதுல்ல' என்று எல்லோரும் எழுந்து போய்விட்டோம். தங்கச்சி மட்டும் விடவில்லை. 'சத்தம் கேக்குதுண்ணே. நான் சொல்றதுதான் அவளுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது' என்றாள். நான் தைரியம் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

அவளே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கிடைத்த பதில் இது: 'பொறந்தப்பவே டெஸ்ட் பாஸ் ஆயிருக்கே. நீங்க விடிஞ்சா கூலி வேலைக்குப் போயிடுறீங்க. புள்ளகிட்ட யாரு பேசுறா? பேச்சுக் குடுங்க, தானா வரும்.' ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்ன சாட்சி அங்கே எடுபடவில்லை. கூலிக்காரி என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதோடு ஒரு வருஷம் போனது.

பிள்ளைக்கு மூன்றேகால் வயசாகும்போது, வேறொரு ஆஸ்பத்திரியில் செவித்திறன் பார்க்கும் ஒரு அம்மா அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: 'காமாலைக்கு லைட்டுல வச்சாங்களா? பெரா எடுத்தாங்களா?' பெரா என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

பெரா என்றால் என்ன? சத்தம் காதில் விழுந்ததும், நரம்பு அந்தச் சேதியை மின்சாரமாக மாற்றிக்கொண்டு மூளைத்தண்டு வழியாக மேலே ஏறுகிறது. அந்த மின் பதிலைத் தோலுக்கு வெளியே இருந்தே பிடித்துப் பார்ப்பதுதான் சோதனை. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். தூங்காவிட்டால் மருத்துவர் பார்த்து ஒரு சிரப் கொடுப்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஒயர் ஒட்டுகிறார்கள். காதில் 'டிக் டிக்' என்று நொடிக்கு 20-க்கும் மேலே சத்தம் போகிறது. கையைத் தூக்கு, பொத்தானை அமுக்கு என்று எதுவும் பிள்ளையிடம் கேட்பதில்லை. கேள்வி நரம்பிடம். பதில் சொல்லத் தெரியாத பச்சைப் பிள்ளைக்கும், நினைவில்லாமல் கிடப்பவருக்கும், 'காது கேக்காத மாதிரி நடிக்கிறான்' என்று மேலதிகாரி சந்தேகிக்கும் தொழிலாளிக்கும் இது உதவுவது அதனால்தான்.

நரம்பின் பதில் ரொம்பச் சின்னது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைச் சுற்றி மூளையின் மற்ற மின் ஓட்டங்கள் அதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? சந்தைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒன்று கத்துகிறார்கள். ஒருத்தி மட்டும் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதே சொல்லைச் சொல்கிறாள். ஒரு தடவையில் அவள் குரல் தெரியாது. 2000 தடவை பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், மற்றவர்கள் கத்தல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுமார் 45-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாறாமல் வந்த அந்தச் சொல் மட்டும் மேலே எழும்பும். இதற்காகத்தான் இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விழித்திருக்கும் மனிதர்களின் மூளை அலை சத்தத்துக்கு மாறுவதை பாலின் டேவிஸ் என்ற பெண் 1939-இலேயே எழுதிவிட்டார். மூளைத்தண்டின் சின்ன அலைகளை மண்டைக்கு வெளியே இருந்து தெளிவாகப் பிரித்து எண் போட்டு வைத்தவர்கள் ஜூவெட்டும் வில்லிஸ்டனும். அது 1971-இல்.

அந்த அலைகளில் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். காது நன்றாக உள்ள பெரியவருக்கு, பலத்த சத்தத்தில் முதல் அலை சுமார் ஒன்றரை மில்லி செகண்டில் வரும். அது காது நரம்பின் பதில். ஐந்தாம் அலை ஐந்தரை, ஆறு மில்லி செகண்டுக்குள் வரும். சேதி மூளைத்தண்டின் மேல்பகுதிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்தாம் அலை எந்த அளவு வரைக்கும் தெரிகிறது என்று பார்த்தால் கேட்கும் திறன் ஏறத்தாழப் பிடிபடும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நேரம் நீண்டால் பாதையில் ஏதோ தடை. கட்டி இருக்கலாம், நரம்பின் உறை கெட்டிருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் இன்றைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்கிறார்கள்.

எங்கள் பிள்ளையின் தாளில் பலத்த சத்தத்துக்கும் அலை ஒன்றுமே இல்லை. வெறும் கோடு. 'அப்ப பொறந்தப்ப பாஸுன்னு எழுதினது பொய்யா?' என்று கேட்டாள் தங்கச்சி. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார், பொய் இல்லையாம். அந்தச் சின்னக் கருவி பார்ப்பது உள்காதை மட்டும். நல்ல உள்காது சத்தம் வாங்கும்போது தானும் மெல்லிய சத்தம் ஒன்றைத் திருப்பி வெளியே விடும். லண்டனில் டேவிட் கெம்ப் 1978-இல் வெளியிட்ட விஷயம் இது. அதைத்தான் ஓ.ஏ.இ. என்கிறார்கள். பிள்ளையின் உள்காது அன்றைக்கும் நன்றாக இருந்தது, இன்றைக்கும் அப்படியே. கெட்டது அதற்குமேல் போகும் வழி.

நம் தோழர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் தபாலில் முத்திரை குத்தித் தருவார்கள். வாங்கியது உண்மை. ஆனால் அது மேசைக்குப் போனதா? ஓ.ஏ.இ. தருவது முத்திரை. மேசைக்குப் போனதா என்று பார்ப்பது பெரா. முத்திரையைக் காட்டி 'உன் பிரச்சினை தீர்ந்தது, போ' என்று சொன்னால் நாம் விடுவோமா? பிள்ளை விஷயத்தில் நான் விட்டுவிட்டேன்.

உள்காது நன்றாக இருந்தும் நரம்பின் பதில் ஒழுங்காக வராத நிலைக்கு ஆர்னால்ட் ஸ்டாரும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் செவி நரம்புக் கோளாறு என்று பெயர் வைத்து எழுதினார்கள். பறையில் பத்துப் பேர் ஒரே அடியாக அடித்தால் ஊர் தாண்டிக் கேட்கும். அதே பத்துப் பேர் ஆளுக்கொரு நேரத்தில் அடித்தால் சத்தம் இருக்கும், அடி இருக்காது. இவர்கள் நரம்பு இழைகள் அப்படிச் சேராமல் அடிக்கின்றன. அதனால்தான் தட்டு விழுந்தால் திரும்புவார்கள், பேச்சு மட்டும் பிடிபடாது. தங்கச்சி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. குறைமாசம், கடுமையான காமாலை, பிறந்ததும் மூச்சுத் திணறல் இவையெல்லாம் இதற்கு முக்கியக் காரணங்கள். காமாலையின் பிலிருபின் மூளைத்தண்டில் செவிப்பாதையின் கணுக்களில்தான் போய்த் தங்குகிறது. நேரத்தில் ரத்தம் மாற்றியபின் அலைகள் திரும்பி வந்த குழந்தைகளும் உண்டு. இதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்குமேல் இருந்த குழந்தைக்குப் பெரா வகைச் சோதனைதான் செய்ய வேண்டும், ஓ.ஏ.இ. மட்டும் போதாது என்று அமெரிக்காவின் நிபுணர் குழு 2007-இல் எழுதி வைத்தது.

பெராவைச் சாமியாகவும் ஆக்கிவிடக் கூடாது. அது மூளைத்தண்டோடு நின்றுவிடும். சொல்லின் பொருள் புரிந்ததா என்பதை அது சொல்லாது. 'டிக்' சத்தம் பெரும்பாலும் உயர்ந்த ஓசைகளைத்தான் சோதிக்கும், தாழ்ந்த ஓசைக்கு வேறு சோதனை சேர்க்க வேண்டும். அலை இல்லை என்பதால் எதுவுமே கேட்கவில்லை என்று முடிவுகட்டுவதும் தப்பு, எங்கள் பிள்ளையே சாட்சி. இங்கே சட்டமும் இடிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் குறைவாகக் கேட்பவர் என்கிறது. சத்தம் கேட்டும் பேச்சு விளங்காதவரை டெசிபல் கணக்கு மட்டும் வைத்து எப்படி அளப்பது? இந்தக் கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? அனு சர்மா, டோர்மன், ஸ்பார் மூவரும் 2002-இல் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளின் மூளைப் புறணி அலையை அளந்தார்கள். மூன்றரை வயசுக்குள் பொருத்தியவர்களுக்கு அந்த அலை வயசுக்கேற்ற நேரத்தில் வந்தது. ஏழு வயசுக்குமேல் பொருத்திய பெரும்பாலோருக்கு வரவில்லை. வழியில் சேதி வராவிட்டால் மூளை அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. எங்களுக்கு வீணான அந்த ஒரு வருஷத்தின் விலை இதுதான். அந்த வருஷத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பிள்ளைக்கு இப்போது ஐந்து வயசு. கருவி மாட்டியிருக்கிறாள், பயிற்சிக்குப் போகிறாள், சைகையும் கற்கிறாள். கருவியா சைகையா என்று சண்டை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைக்கு மொழி வேண்டும், அது எந்த வழியில் வந்தாலும். அவளோடு பேச நானும் கை பழகிக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைவிட வேகம்.

வேலைக்கு வருவோம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் உண்டு. மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. மையம் என்று ஒன்று உண்டு. அங்கே பெரா இருக்கிறதா, ஓடுகிறதா, எத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு மாவட்டத் தோழரும் போய்ப் பாருங்கள். மாணவத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நம் காலனிகளில் குறைமாசத்தில் பிறந்த, காமாலைக்கு விளக்கில் வைத்த, பெட்டியில் வைத்த பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். 'பாஸ்' சீட்டு இருந்தாலும் விடாதீர்கள். ஒரு மாசத்துக்குள் முதல் சோதனை, மூணு மாசத்துக்குள் பெரா, ஆறு மாசத்துக்குள் சிகிச்சை. இது கேட்டு வாங்க வேண்டிய கணக்கு. பள்ளிக்கூடத்தில் 'மந்தம்' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளைகளையும் ஒருதரம் பாருங்கள்.

எந்தத் தாயாவது 'நான் சொல்றது எம்புள்ளைக்குப் போய்ச் சேரலை' என்று சொன்னால், தயவுசெய்து கூட்டத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த இதழில் உங்கள் மாவட்டக் கணக்கு வரவேண்டும். எங்கள் ஊர்க் காலனியில் எடுத்தாகிவிட்டது. ஏழு பிள்ளைகள். இரண்டு பேருக்குத்தான் பெரா எடுத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்