ராத்திரி யாருக்குச் சொந்தம்?

வாரக் கடைசியானால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் புதுச்சேரிக்கு வந்து இறங்குகின்றன. எந்த ஓட்டலில் எந்த பேண்டு, எத்தனை மணிக்கு டிஜே, ஆளுக்கு எவ்வளவு, எல்லாம் கைபேசியில் இருக்கு. இசையால் மனிதர்களை இணைக்கிறோம் என்கிறார்கள் இந்த ஆப்காரர்கள். எந்த மனிதர்களை என்பதுதான் நம்ம கேள்வி.

சுண்ணாம்பாற்றுக்குத் தெற்கே, நகரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பூரணாங்குப்பம். இந்தப் பக்கத்துச் சேரிப் பையன்களுக்கு அந்த ராத்திரிகளில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கு. ஸ்பீக்கர் பெட்டி தூக்க, கிளாஸ் கழுவ, வாசலில் காவல் நிற்க. பாட்டு காதில் விழும்; ஆட முடியாது.

நம்மகிட்ட இசை இல்லையா? ராத்திரி இல்லையா? ஊரில் சாவு விழுந்தால் விடிய விடிய அடிச்சது யாரு? கூலி பேசாதே, சாராயம் வாங்கிக்கோ, தள்ளி நில்லு என்றார்கள். இன்று காசு கொடுத்துக் கேட்கிற நேரடி இசையை நம்மிடம் அடிமை வேலையாக வாங்கினார்கள். பறையைக் கொளுத்து என்றும், கலையாக மீட்டெடு என்றும் தொண்ணூறுகளில் நமக்குள்ளேயே வாதம் நடந்தது. கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம் என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றாகத்தான் நின்றன.

சட்டத்தையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. கலை, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு அனுமதிக்கலாம். நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் தூக்கம் வேணும், மறுக்கவில்லை. ஆனால் சுவர் கட்டக் காசுள்ளவனின் சத்தம் சங்கீதம்; சுவரில்லாத தெருவின் சத்தம் போலீஸ் கேஸ். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மேடை போட்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

தொழில்நுட்பம் நமக்குப் பகை கிடையாது. சென்னைக் குப்பங்களின் கானாவைக் கேசட்டுதான் ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றினார்கள். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. வராதவர்களுக்கு யூடியூப் கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் கருவி மட்டும் போதுமா? 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' கோடிக்கணக்கான கைபேசிகளில் ஒலித்தது. அதை எழுதிப் பாடிய அறிவு, அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் இல்லை. அந்தப் பாட்டால் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பாட்டு எல்லோரையும் இணைத்தது. பெயரும் பணமும் எங்கே போய்ச் சேர்ந்தன?

அதனால் ஆப் வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள், தோழர்களே. பறைக் குழுக்கள் கூடி ஒரே கூலி பேசுங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கைபேசியில் வந்த பிறகு மேளத்தைக் காய்ச்சுங்கள். ஆடியோ, வீடியோ எடுப்பவனிடம் அடிப்பவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். சேரித் தெருவிலேயே மேடை கட்டி, அங்கிருந்தே நேரலை விடுங்கள். நகரத்துக்காரனுக்கு நம் இசை வேணும்னா டிக்கெட் எடுத்துக்கிட்டு நம்ம தெருவுக்கு வரட்டும்; நம்ம பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அதைத்தான் நாம இணைப்பு என்று ஒத்துக்கொள்வோம்.