குளியலறை மூலையில் கறுப்புக் கோடு

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் போதும், நம் பகுதிக்கு ஒரே கேள்வியாக வர ஆரம்பித்துவிடும். "வாஷ்பேசின் சுவரோடு சேருகிற இடத்தில் வெள்ளையாக சிலிக்கான் பூசியிருக்கிறார்கள். அது கறுத்துப் போய் வரிவரியாக நிற்கிறது. தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்வோம்.

அது அழுக்கு இல்லை, பூசணம். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போட்டால் பூக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் விதை மாதிரியான நுண்துகள்கள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. உட்கார இடமும், ஈரமும், கொஞ்சம் ஆகாரமும் கிடைத்தால் வளர்ந்துவிடும். சிலிக்கானை அது தின்பதில்லை. அதன்மேல் படிகிற சோப்பு நுரை, உடம்பு எண்ணெய், சீயக்காய்த்தூள் எல்லாம்தான் அதற்குச் சாப்பாடு. கொசுவுக்குப் பயந்து நாள் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைக்கிற ஃபிளாட்டுகளில் அதற்குக் கொண்டாட்டம்தான்.

பார்வைக்கு மட்டும் கெடுதலா?

என் தங்கை பையனுக்கு நாலு வயது. மழைக்காலம் வந்தால் இழுப்பு வந்துவிடும். போன வருஷம் டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "வீட்டில் ஓதம், பூசணம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாராம். அவள் என்னிடம் வந்து, "என்னக்கா, பாத்ரூமைப் பற்றியெல்லாம் விசாரிக்கிறார்!" என்று ஆச்சரியப்பட்டாள்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓதம் ஏறிய, பூசணம் பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொந்தரவு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கைக்குழந்தையோ, இழுப்பு உள்ளவர்களோ, வயதானவர்களோ வீட்டில் இருந்தால் இதை அசட்டை செய்யக் கூடாது. அதற்காக, "கறுப்பாக இருந்தால் அது விஷப் பூசணம்" என்று யாராவது பயமுறுத்தினால் நடுங்கவும் வேண்டாம். கறுப்பாக வளரும் பூசணம் பல வகை உண்டு. நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. எந்த நிறமானாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கழிப்பறை கழுவுகிற திரவங்களிலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கிறது. வினிகர், எலுமிச்சம்பழச் சாறுகூடக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சுப்புகை வரும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் நடந்தது இது. வேலைக்கு வரும் அம்மாளிடம், "கறை நன்றாகப் போகட்டும்" என்று சொல்லி, ஆசிட் ஊற்றிய தரையிலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன பாத்ரூம், கதவும் சாத்தியிருந்தது. இரண்டே நிமிஷத்தில், "அம்மா, நெஞ்சை அடைக்குதும்மா" என்று அவர் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். கண் சிவந்து, இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "ரெண்டையும் சேர்க்கக் கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்று பிறகு அவர் கேட்டது நியாயம்தானே? நாமே செய்தாலும் சரி, செய்யச் சொன்னாலும் சரி, சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

தப்பித்தவறி அப்படி நேர்ந்துவிட்டால் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். கழுவிவிடலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பூசணத்தை எடுக்கும் முறை

ஒரு பிளாஸ்டிக் மக்கில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஒரு மேஜைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். பவுடர் புதியதாக இருக்கட்டும். வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் வீரியம் இருக்காது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய புடவையைக் கட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் துளி பட்டாலும் சாயம் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

முதலில் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் கொண்டு மேலே உள்ள பிசுக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. காய்ந்த பஞ்சைத் திரி மாதிரி நீளமாக உருட்டி, தெளிந்த நீரில் நனைத்து, கறுப்புக் கோட்டின் மேலேயே ஒட்டினாற்போல் வைத்து அழுத்திவிடுங்கள். சூட்சுமமே இந்தத் திரியில்தான் இருக்கிறது. சும்மா தெளித்தால் வழிந்து ஓடிவிடும். திரி வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் அங்கேயே நின்று வேலை செய்யும். பிறகு திரியை எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எவர்சில்வர் குழாய்களில் பட்டிருந்தால் நன்றாக அலம்புங்கள், இல்லாவிட்டால் அரித்துவிடும். ஒரு தடவையில் போகாவிட்டால், இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை செய்து பாருங்கள்.

அப்படியும் போகவில்லையா?

பூசணம் சிலிக்கானுக்கு உள்ளேயோ அடியிலேயோ இறங்கிவிட்டது என்று அர்த்தம். இனி தேய்த்துப் பயனில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பழையதன் மேலேயே ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போக வருகிற ஆளை அனுமதிக்காதீர்கள். காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. அடியில் இருக்கிற பூசணமும் அப்படியே இருக்கும்.

இரண்டு ஓரத்திலும் பிளேடால் கீறினால் பழையது ரப்பர் மாதிரி உரிந்து வரும். மிச்சத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கும்போது குளியலறைக்கானது, பூசணம் பிடிக்காதது என்று டியூபில் போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். மார்பிள் பதித்த இடமாக இருந்தால், வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்றது கல்லில் கறை பண்ணிவிடும். பூசியபின் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. ஆகவே, எல்லோரும் ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.

மறுபடி வராமல் இருக்க

ஈரம் நிற்காவிட்டால் பூசணமும் இல்லை. கடைசியாகக் குளிக்கிறவர் யாரோ, அவரே சுவர் ஓரத்தையும் பேசின் விளிம்பையும் ஒரு பழைய துணியால் துடைத்துவிட்டு வரட்டும். ஒரு நிமிஷ வேலை. (ஆண்களுக்கும் இது பொருந்தும்!) குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் இருபது நிமிஷமாவது ஓடட்டும். ஃபேன் இல்லாத வீட்டில் வென்டிலேட்டரைத் திறந்து கொசுவலை அடித்துவிட்டால் காற்றும் வரும், கொசுவும் வராது. ஈரத்துணிகளை வாளியில் குவித்து வைக்காதீர்கள். குழந்தை தண்ணீரில் வைத்து விளையாடுகிற ரப்பர் வாத்தை அமுக்கிப் பாருங்கள். உள்ளேயிருந்து கறுப்பாக வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுவரிலேயே ஓதம் ஊறிக்கொண்டிருந்தால், குழாய்க் கசிவை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

என் தங்கை வீட்டில் இப்போது புது சிலிக்கான் பூசி, ஜன்னலுக்கு வலையும் அடித்தாகிவிட்டது. பையனுக்கு மருந்தும் டாக்டர் சொன்னபடி நடக்கிறது. இந்த மழைக்கு இதுவரை ஒரு தடவைதான் இழுத்திருக்கிறது. எதனால் குறைந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ராத்திரி அவள் தூங்குகிறாள், அது போதும்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் அலமாரித் துணிகளில் வரும் மக்கல் வாடையைப் பற்றிப் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கைமுறை ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள்.