சுங்கச்சாவடியில் பிறந்த பாடம்

பிளஸ் ஒன் கணினி அறிவியலில் மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ்) என்றதும் திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகைப் பிள்ளையானாலும் சென்னைப் பிள்ளையானாலும் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: அதன் ஐந்து வகைகளை மனப்பாடம் செய்வது. கூடவே, அப்பா சொத்து மகனுக்கு வருவதுபோல என்று ஒரு விளக்கம். அந்த விளக்கம் எதையும் தெளிவாக்குவதில்லை. எது யாருக்குப் போகிறது என்று சொல்கிறதே தவிர, அந்த ஏற்பாடு எதற்கு என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது மரபுரிமம் பிறந்த கதை. நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா என்ற நிரல் மொழியை விரிவாக்க முயன்றபோது எடுத்துக்கொண்ட உதாரணம், பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரியும் பஸ்ஸும் கலந்து நிற்கும் வரிசை. நிற்பவை எல்லாமே வண்டிகள். ஆனாலும் லாரி வேறு, பஸ் வேறு. பொதுவானதை ஒரே முறை எழுதிவிட்டு வேறுபடுவதை மட்டும் தனியே எழுத வழி தேடினார்கள். 1966 டிசம்பரில் அந்த வழி, அதாவது மரபுரிமம், பிடிபட்டது. சிமுலா 67 அதிலிருந்து வந்தது.

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் போய்வரும் திருத்தணிப் பிள்ளைகள் அறியாத வரிசையா இது? காருக்கு ஒரு கட்டணம், பஸ்ஸுக்கு ஒன்று, பல அச்சு லாரிக்கு இன்னொன்று. இந்த வரிசைக்கான நிரலை இஃப், எல்ஸ் போட்டே முதலில் எழுதச் சொல்ல வேண்டும். கட்டணம் கணக்கிட, ரசீது அடிக்க, நாள் கணக்கு முடிக்க என்று ஒவ்வோர் இடத்திலும் அதே நீண்ட சங்கிலி திரும்பத் திரும்ப வரும். புது வகை வண்டி ஒன்று சேர்ந்தால் எல்லா இடத்திலும் கை வைக்க வேண்டும். அந்தச் சலிப்பு வந்த பிறகு பல்லுருவாக்கத்தை (பாலிமார்ஃபிசம்) காட்டினால் அது தானாகவே புரியும்: நிரல் எல்லா வண்டியிடமும் கட்டணம் எவ்வளவு என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறது, பதிலை அந்தந்த வண்டியின் இனக்குழு (கிளாஸ்) சொல்கிறது. சி++ மொழியில் வர்ச்சுவல் என்ற சொல்லை விட்டுவிட்டு, அடிப்படை இனக்குழுவின் சுட்டு வழியாக லாரியைக் கேட்டால் பொதுக் கட்டணமே வரும். சேர்த்தால் லாரியின் கட்டணம் வரும். அந்த இரண்டு ஓட்டங்களையும் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பது பத்துப் பக்க விளக்கத்துக்கு மேல்.

தேர்வில் வகைகளைத்தானே கேட்கிறார்கள் என்பார்கள். கேட்கட்டும், தேவை புரிந்த பிள்ளைக்கு வகைகள் ஒரே வகுப்பில் நிற்கும். இன்னொரு மறுப்பு கனமானது: தொழிலில் இருப்பவர்களே மரபுரிமத்தைக் குறைக்கச் சொல்கிறார்களே, 2009இல் வந்த கோ மொழி அதைச் சேர்க்கவே இல்லையே? உண்மைதான். ஆனால் அதே கோ மொழி, இன்டர்ஃபேஸ் என்ற பெயரில் பல்லுருவாக்கத்தை வைத்துக்கொண்டது. அழுத்தம் விழ வேண்டிய இடம் மரபுரிமத்தின் வகைகள் அல்ல, பல்லுருவாக்கம் என்பதற்கு இதுவே சான்று. தமிழ்நாட்டுப் பாடநூலில் மரபுரிமத்துக்கு முன்னால் பல்லுருவாக்கம் வருகிறதுதான், ஆனால் ஒரே பெயரில் பல செயற்கூறுகள் எழுதுவதில் அது தொடங்குகிறது. வண்டி வரிசையின் சிக்கல் அங்கே எழுவதில்லை. இரண்டு பாடங்களையும் இணைத்து, ஒரே சுங்கச்சாவடி நிரலாக ஆய்வகத்தில் நடத்தலாம். அடிப்படை இனக்குழு நிற்கும் இடத்தில் அதிலிருந்து வந்த எதுவும் பிசகின்றி நிற்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்த கட்டுப்பாட்டையும் அதிலேயே காட்டிவிடலாம்: கட்டணமில்லாத ஆம்புலன்ஸ் பூஜ்யம் என்று பதில் தரலாம், பதிலே தராமல் நிரலை நிறுத்திவிடக் கூடாது.