உப்பு வரி போயிற்று, சாராய வரி?

வெள்ளையர் ஆட்சியில் இந்நாட்டு ஏழையின் மடியிலிருந்து நாள்தோறும் காசு பறித்த வரிகள் இரண்டு. ஒன்று உப்பு வரி; மற்றொன்று கள், சாராயத்தின் மீதான ஆப்காரி வரி. கஞ்சிக்கு உப்பிட்டாலும் வரி, கவலை மறக்கக் குடித்தாலும் வரி! முதல் வரியை எதிர்த்து 1930 ஏப்ரல் 13-ல் இராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தார். 1947-ல் அவ்வரி ஒழிந்தது. இரண்டாவது வரி என்னாயிற்று? மரக்காணம் உப்பளக் கரையில் பிறந்து, வரலாற்றைப் பாடமாக எடுத்துப் படிக்கும் எனக்கு இது வெறும் தேர்வுக் கேள்வி அன்று.

2023 மே மாதத்தில் எங்கள் ஊரை அடுத்த எக்கியார்குப்பத்தில் விற்ற சாராயத்தைக் குடித்து 14 பேர் மாண்டனர். அதே நாட்களில் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 8 பேர் இறந்தனர். அவர்கள் குடித்தது உண்மையில் சாராயமே அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நஞ்சு. உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணைக் கெடுத்துப் பின் உயிரைக் குடிப்பது. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்கு இரையாயினர். அரசின் மதுக்கடைகள் இருந்தால் கள்ளச்சாராயம் தலைதூக்காது என்று வாதிடும் நண்பர்கள், கடைகள் திறந்திருந்த காலத்தில்தான் இவ்வளவும் நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படியானால் கடைகளை இழுத்து மூடிவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. அதற்குச் சான்று தேடி நாம் அமெரிக்கா வரை போகவேண்டும். ஏனெனில் இச்சோதனையை ஒரு நாடு முழுவதும் நடத்திப் பார்த்தவர்கள் அவர்கள்.

அங்கே மதுவிலக்கு இயக்கத்திற்கு உயிர் கொடுத்தவர்கள் பெண்கள். 1874-ல் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. கணவன் கூலியைக் குடித்துவிட்டு வந்து அடித்தால் கேட்பதற்கு நாதியில்லை, வாக்குரிமையும் இல்லை. கடையை மூடச் சொல்வது ஒன்றே அவர்களால் இயன்றது. 1893-ல் தோன்றிய மதுக்கடை எதிர்ப்புக் கழகம் இக்கோரிக்கையைத் தேர்தல் ஆயுதமாக்கியது. ஆனால் அந்நாட்டு மத்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. எந்த அரசு தன் கஞ்சிக் கலயத்தைத் தானே உடைக்கும்? 1913-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வருமான வரிக்கு வழி செய்த பிறகுதான் மதுவிலக்கு கைகூடியது. 1920 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வருமான வரி வற்றவே, 1933 டிசம்பரில் மதுவிலக்கு ரத்தாயிற்று. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்குக் கீழே கணக்குப் புத்தகம் ஒன்று எப்போதும் விரிந்தே கிடந்தது.

இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் நடந்ததில் எங்கள் ஊரார் அறியவேண்டியது ஒன்று உண்டு. தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று, அதில் கூடுதலாக மெத்தனால் கலக்கும்படி அந்த அரசே 1927-ல் விதி செய்தது. குடித்தவர்கள் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். பணக்காரனுக்குக் கனடாவிலிருந்து நல்ல சரக்கு வந்தது. (அவர்களுக்குக் கனடா, நமக்குப் புதுச்சேரி! அதிகம் விளக்க வேண்டியதில்லை.)

நம் நாட்டுக் கதையிலும் கணக்குப் புத்தகம் உண்டு. 1937 அக்டோபர் 1-ல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது; 1974-ல் மீண்டும் வந்தது; 1981-ல் மீண்டும் போயிற்று. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இன்று மதுவிலக்கைக் கொண்டுவரத் தேவைப்பட்ட அந்த விற்பனை வரியும் இருக்கிறது, மது வருவாயும் இருக்கிறது! 2022-23-ல் மட்டும் மதுவால் வந்தது ஏறத்தாழ 44,000 கோடி ரூபாய். உப்பு வரியின் தம்பி அண்ணனை விடப் பன்மடங்கு கொழுத்துவிட்டான்.

அமெரிக்கச் சீர்திருத்தக்காரரில் வேறொரு சாராரும் இருந்தனர். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கிறது. ஜேன் ஆடம்ஸ் என்னும் பெண்மணி 1889-ல் சிகாகோவின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தை நிறுவி, அங்கேயே குடியேறினார். அவருடன் அங்குத் தங்கிய ஃபிளாரன்ஸ் கெல்லி, வீடு வீடாகவும் பட்டறை பட்டறையாகவும் சென்று விவரம் திரட்டினார். அதன் பயனாக 1893-ல் இல்லினாய்ஸ் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாதென்று சட்டம் இயற்றியது. கெல்லியே அதன் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரானார். அங்கே மதுக்கடையைச் 'சலூன்' என்பர். (நம் ஊர்ச் சலூன் வேறு.) சம்பளக் காசோலையை மாற்றித் தருவதும், ஒரு குவளை பீருக்கு இலவசச் சாப்பாடு போடுவதும், உட்கார இடம் கொடுப்பதும் அந்தச் சலூன்தான். அதை மூடுகிறவர்கள் அதற்கு மாற்றாக ஒரு கூடம், ஒரு சாப்பாட்டுக் கடை திறக்க வேண்டாமா என்று கேட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் குரல் பெரிதாக எடுபடவில்லை.

உப்பளத்திற்கு வருவோம். மாசி முதல் ஆவணி வரை பாத்தியில் வேலை உண்டு. உப்பு வாரிக் கரையில் குவிக்கும் பெண்ணின் காலில் வெடிப்பு ஆறுவதில்லை; கண்ணெதிரே வெண்மையின் கூச்சம்; ஒதுங்க மறைவிடம் கிடையாது. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். மூன்று மாதம் கூலி இல்லை. அப்போது வட்டிக்குக் கொடுப்பவன் உண்டு, கடனுக்குச் சாராயம் ஊற்றுபவனும் உண்டு. அந்த மூன்று மாதத்தைத் தொடாத எந்த மதுவிலக்கும் எங்கள் கரையில் ஒரு பருவத்திற்கு மேல் நில்லாது. மது வருவாயில் ஒரு சிறு பங்கையேனும் உப்பளத்திற்கும் மீனவர் குப்பத்திற்கும் மழைக்கால ஊதியமாகத் திருப்பித் தரவேண்டும். மெத்தனால் ஒவ்வொரு லிட்டரும் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்கவேண்டும். கடைகளைப் படிப்படியாகக் குறைப்பது இவற்றோடு சேர்ந்து நடக்கவேண்டும். 2024-ல் தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தினார்கள். அது செத்த பிறகு வருவது.

நம் கல்லூரிப் பேரவையில் 'மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா?' என்று அடுத்த பட்டிமன்றத்திற்குத் தலைப்பு வைக்கும் முன், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமை ஐப்பசியில் மரக்காணத்தில் நடத்தலாம். வேலையில்லாத வாரங்களில் ஒரு வீட்டில் அடுப்பு எத்தனை நாள் எரிகிறது, கடன் யாரிடம் எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். பொருளியல் துறை நண்பர்கள் கணக்குப் போடட்டும். நாங்கள் வழி காட்டுகிறோம். தங்குவதற்கு இடம் எங்கள் தெருவிலேயே உண்டு.